கடை வாசலிலேயே நின்று சாப்பிடுங்கள்: ஜப்பானியச் சந்தைகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பான் பயணத்தைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, கோயில்களையும் புல்லட் ரயிலையும் பற்றிய கேள்விகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. மற்றவை யாவும் வயிற்றைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அந்நாட்டுச் சந்தைகளுக்கும், அங்கே நின்றபடி உண்ணும் பண்டங்களுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாங்காக்கிலும் பினாங்கிலும் இரவு முழுவதும் தெருக்கடைகளில் சாப்பிட்டுப் பழகியவன் நான். டோக்கியோவில் அப்படிப்பட்ட தெரு எது? (மென்பொருள் ஊழியர், சென்னை)

பதில்: அப்படியொரு தெருவைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் நடைபாதையில் அடுப்பு மூட்டி வியாபாரம் செய்யும் வழக்கம் இன்றைய ஜப்பானிய நகரங்களில் அநேகமாக இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. டோக்கியோவின் பழைய பெயர் ‘எதோ’. 1657-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரத்தின் பெரும்பகுதி சாம்பலான பிறகு, அதை மீண்டும் கட்டியெழுப்ப நாலா திசைகளிலிருந்தும் தச்சர்களும் கூலியாட்களும் வந்து குவிந்தார்கள். வீட்டில் சமைத்துப் போட ஆளில்லாத அந்த ஆண்களின் பசிக்காகத்தான் தெருவோரக் கடைகள் பெருகின. இன்று வெள்ளைத் துணி விரித்த மேசையில் பெருந்தொகைக்குப் பரிமாறப்படும், சோற்றின்மேல் மீன் வைத்த சுஷியும் மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவும் அந்தக் கடைகளில் நின்றபடி தின்ற பண்டங்களே. கையால் பிடித்துத் தரும் நிகிரி சுஷி 1820-களில் எதோவில் பரவியபோது, ஓர் உருண்டை இப்போதையதைவிடப் பெரிது. ஒரே வாயில் போட முடியாது.

போருக்குப் பிறகு வந்த சுகாதார விதிகளும் வாகன நெரிசலும் அந்தக் கடைகளை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்திவிட்டன. எஞ்சி நிற்பது தெற்கே கியூஷூ தீவிலுள்ள ஃபுகுவோக்கா நகரம். அங்கே ‘யத்தாய்’ எனப்படும் தள்ளுவண்டிக் கடைகள் இன்றும் ஏறத்தாழ 100 இருக்கின்றன. அவற்றையும் ஒரு தலைமுறையோடு முடித்துவிடலாம் என்றிருந்த நகராட்சி, பின்னர் மனம் மாறி, 2013-இல் அவற்றுக்கென்றே ஒரு விதித்தொகுப்பை இயற்றிப் புதியவர்களும் விண்ணப்பிக்க வழி செய்தது. மாலையில் வண்டியை இழுத்து வந்து, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து, திரை தொங்கவிட்டு, எட்டுப் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்து உட்கார இடம் செய்கிறார்கள்; விடிந்தால் அங்கே கடை இருந்ததற்கு ஓர் ஈரத்தடம்கூட இருக்காது. பச்சை மீன் விற்கக் கூடாது என்பது விதி. வாடிக்கையாளர் பக்கத்திலும் எழுதப்படாத விதிகள் உண்டு: ஆளுக்கு ஒன்றேனும் வாங்க வேண்டும், தின்று முடித்ததும் எழுந்து இடம் விட வேண்டும். விடிய விடிய அரட்டையடிக்கும் இடமாக அதை நினைத்துவிடாதீர்கள்.

இதைத் தவிர உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, கோயில் திருவிழாக்கள். ஒசாகாவில் ஜூலை 24, 25 தேதிகளில் நடைபெறும் தென்ஜின் திருவிழாவில் நம் ஊர்த் தேர்க்கடைகளைப் போலவே வரிசையாகக் கடைகள் முளைக்கும். மற்றொன்று, கூரை வேய்ந்த பழைய சந்தைகள். இனிவரும் கேள்விகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவை.

கேள்வி: ஜப்பானில் தெருவில் நடந்துகொண்டே சாப்பிடுவது மரியாதைக் குறைவு என்று அங்கே படிக்கும் என் பேத்தி சொல்கிறாள். ஆனால் கியோட்டோ சந்தைப் படங்களில் எல்லோர் கையிலும் குச்சியில் கோத்த தின்பண்டம் இருக்கிறதே? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: பேத்தி சொல்வது சரி, படமும் பொய்யில்லை. குச்சியில் வாங்கலாம், ஆனால் வாங்கிய கடையின் முன்னாலேயே நின்று தின்று முடிக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் சந்தை நிஷிகி. ஏறத்தாழ 390 மீட்டர் நீளமுள்ள ஒற்றைச் சந்து. அகலம் மூன்று மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குள்தான். இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 130 கடைகள். நிலத்தடியில் குளிர்ந்த நீர் நன்றாக ஊறும் இடமாதலால், பனிக்கட்டி இயந்திரங்கள் இல்லாத காலத்தில் மீனைக் கெடாமல் வைக்க அந்தக் கிணறுகளே உதவின. 1615-இல் அரசின் அனுமதி பெற்ற மீன் சந்தையாக அது ஆனதற்குக் காரணமும் அதுவே. புகழ்பெற்ற ஓவியர் இத்தோ ஜாக்குச்சு 1716-இல் பிறந்தது இதே சந்தையின் காய்கறி மொத்த வியாபாரக் குடும்பத்தில். 1770-களில் சந்தையை மூடும் ஆபத்து வந்தபோது, அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு உரிமத்துக்காக அலுவலகப் படி ஏறி இறங்கினார் என்பது எனக்கு அவருடைய சேவல் ஓவியங்களைவிடப் பிடித்த செய்தி.

இந்தச் சந்தில் நான் கற்ற பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை போனபோது, ஒரு கடையில் சோயா சாற்றில் வாட்டிய அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியோடு வாங்கிக்கொண்டு நான்கு எட்டு வைத்திருப்பேன். கடைக்கார அம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, ஒரு சொல்லும் பேசாமல், இரு கைகளாலும் தம் கடை வாசலைக் காட்டித் தலை வணங்கினார். திரும்பி வந்து, அடுத்த கடையின் ஊறுகாய்ப் பீப்பாய்க்கும் அவருடைய கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவில், என் தோள் எதிலும் படாதபடி ஒடுங்கி நின்று தின்றேன். கடைசி உருண்டை வாய்க்குள் போகும்போதே அவர் கை நீண்டுவிட்டது, குச்சியை வாங்கிக்கொள்ள. அப்போதுதான் புரிந்தது: மூன்று மீட்டர் சந்தில் சொட்டும் குச்சியோடு ஒருவர் நடந்தால் எதிரே வருபவரின் சட்டை என்னாகும், குச்சி எங்கே போய் விழும் என்பதெல்லாம் அவர்களுடைய அன்றாடக் கவலை.

குப்பைத்தொட்டியும் பொது இடங்களில் எளிதில் கண்ணில் படாது. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். ஆகவே பைக்குள் ஒரு காலிப் பையை வைத்துக்கொள்வது நல்லது. டோக்கியோவுக்கு அருகிலுள்ள கமகுரா நகரம், கூட்டமான இடங்களில் நடந்துகொண்டே சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி 2019 ஏப்ரல் முதல் நகர விதியாகவே கேட்டுக்கொள்கிறது. தண்டனை கிடையாது, வேண்டுகோள் மட்டுமே.

கேள்வி: நாங்கள் பரம்பரைச் சைவர்கள். முட்டையும் ஆகாது. சந்தையில் எதையாவது நம்பி வாங்க முடியுமா, அல்லது கையோடு புளியோதரை கட்டிக்கொண்டு போவதுதான் வழியா? (குடும்பத் தலைவி, கோயம்புத்தூர்)

பதில்: புளியோதரை கட்டுவதில் தவறில்லை, ஆனால் அதையே பத்து நாளும் தின்ன வேண்டிய நிலை வராது. கண்ணுக்குத் தெரியும் மீனைவிடத் தெரியாத மீனிடம்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று ஒன்று உண்டு. சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டையாகும்வரை உலர்த்தியது. இலங்கைச் சமையலில் சம்பலுக்குச் சுவை கொடுப்பது அதுவே. ஜப்பானியரின் ‘கட்சுவோபுஷி’ அதற்கு நெருங்கிய உறவு: அதே சூரை இனம், அதே அவித்தல், அதே புகை, மேல்தரத்துச் சரக்குக்கு இறுதியில் ஒருவகைப் பூஞ்சணம் ஏற்றி, மாதக்கணக்கில் வெயிலில் காயவைப்பார்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை போலக் கணீரென்று ஒலிக்கும். அதைத் தச்சரின் இழைப்புளி போன்ற கருவியில் சீவி, கடற்பாசியோடு வெந்நீரில் இட்டு வடிகட்டிய சாறுதான் ‘தாஷி’. 1908-இல் இகெதா கிகுனே என்ற வேதியியலாளர் ‘உமாமி’ என்ற சுவையை இனங்கண்டது இந்தச் சாற்றுக்குப் பயன்படும் கடற்பாசியிலிருந்து. நமக்குப் பெருங்காயம் எப்படியோ, அவர்களுக்குத் தாஷி அப்படி. அதைச் சேர்த்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சேர்த்துவிடுவார்கள். ‘மீன் இல்லைதானே?’ என்று நீங்கள் கேட்டால், ‘இல்லை’ என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்வார்கள்; ஏனென்றால் அவர்கள் கணக்கில் மீன் என்பது துண்டு, சாறு மீனாகாது.

ஆகவே பின்வருவனவற்றில் தாஷி உண்டென்றே கொள்ளுங்கள்: புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடுல்ஸின் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு (இதற்குப் பதிலாக உப்புக் கேட்டால் தருவார்கள்), ஒசாகாவின் தக்கோயாக்கி உருண்டை மாவு. தக்கோயாக்கியில் ஆக்டோபஸ் துண்டை எடுத்துவிடச் சொன்னாலும் மாவிலேயே சாறும் முட்டையும் கலந்திருக்கும். இனிப்பான பொரித்த டோஃபு பையில் சோற்றை அடைத்த இனாரி சுஷி பார்வைக்கு முழுச் சைவம். அந்தப் பையையும் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். பொட்டலங்களின் மேலுள்ள ஒவ்வாமைப் பட்டியலை நம்பி ஏமாற வேண்டாம். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கட்டாயப் பட்டியலில் சூரை மீன் இல்லை.

இனி வாங்கக்கூடியவற்றுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் சூடான கூழாங்கற்களில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்பார்கள். தோலைக் கிழித்தால் தேன்போல ஒழுகும், வேறு எதுவும் சேர்வதில்லை. டோக்கியோவுக்கு அருகே கவகோவே என்னும் ஊர் அதற்குப் பெயர்போனது. ‘கஷ்கொட்டையைவிடச் சுவை, பதின்மூன்று காதம்’ என்று ‘எதோ’ நகரக் காலத்திலேயே ஒரு விளம்பரச் சிலேடை இருந்திருக்கிறது. கஷ்கொட்டைக்கான ‘குரி’ என்ற சொல் ஒன்பது காதம் என்றும், ‘விட’ என்பதற்கான ‘யோரி’ நான்கு காதம் என்றும் ஒலிக்க, இரண்டையும் கூட்டினால் பதின்மூன்று. நம் காளமேகத்தின் காதில் விழுந்திருந்தால் ரசித்திருப்பார்.

சிவப்புக் காராமணியைப் போன்ற அசுகிப் பயற்றை வெல்லப் பூரணம்போலக் கிளறி, பிசைந்த அரிசி மாவில் பொதிந்த ‘தைஃபுக்கு’ என்னும் இனிப்பு, நம் மோதகத்தைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. வாட்டிய அரிசி உருண்டைகளும் வறுத்த கஷ்கொட்டையும் பெரும்பாலும் தொல்லையில்லாதவை. மீன் வடிவ அச்சில் வார்க்கும் தையாக்கிக்குள் இருப்பது பயற்றுப் பூரணம்தான். ஆயினும் மேல்மாவில் முட்டை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கியோட்டோவின் ஊறுகாய்களில் ‘சுகுகி’ என்பது ஒருவகை டர்னிப் கிழங்கையும் உப்பையும் மட்டுமே கொண்டு புளிக்கவைப்பது. ‘ஷிபாசுகே’ கத்தரிக்காயும் சிவப்புத் துளசியை ஒத்த ஓர் இலையும் உப்பும் சேர்ந்தது. பழைய முறையில் செய்தவை பிசகில்லாதவை, ஆனால் பொட்டலச் சரக்கில் சுவையூட்டிகள் நுழைந்துவிட்டன. சந்தைக்கு வெளியே, புத்த மடங்களின் ‘ஷோஜின்’ சமையலைத் தேடிப் போங்கள். அங்கே சாறும் கடற்பாசியிலும் காளானிலும்தான் எடுக்கப்படுகிறது.

‘நிகு மோ சகானா மோ தபேமசென், கட்சுவோ தாஷி மோ தாமே தெசு’ என்றால், இறைச்சியும் மீனும் உண்பதில்லை, சூரைச் சாறும் ஆகாது என்று பொருள். இதை விடுதி வரவேற்பறையில் ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் வாயால் சொல்வதைவிட அட்டையை நீட்டுவது இருவருக்கும் எளிது.

கேள்வி: சந்தையில் பேரம் பேசலாமா? (வணிகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். டோக்கியோவின் உவேனோ அருகேயுள்ள அமேயோகோ சந்தை மட்டும் விதிவிலக்கு. போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையில் பிறந்த அந்தத் தெருவில் இன்றும் கூவி விற்பார்கள், கொஞ்சம் குறைக்கவும் செய்வார்கள். மற்ற இடங்களில் விலை குறையாது, ஆனால் கொசுறு உண்டு. ‘ஒமாகே’ என்று பெயர்; கேட்காமல் இருந்தால்தான் கிடைக்கும். சில்லறைப் பணம் வைத்திருங்கள், அதைக் கையில் கொடுக்காமல் தட்டில் வையுங்கள். அன்பளிப்புப் பணம் கொடுக்காதீர்கள். எடுத்துப் போவதா, இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதா என்று கேட்டால் நிதானித்துப் பதில் சொல்லுங்கள்: 2019 அக்டோபர் முதல் எடுத்துப் போகும் உணவுக்கு வரி 8 விழுக்காடு, கடைக்குள் உட்கார்ந்து உண்பதற்கு 10.

கேள்வி: மீன் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். டோக்கியோவின் ட்சுகிஜி சந்தையை மூடிவிட்டார்கள் என்கிறார்கள். பயண வழிகாட்டிகள் இன்னும் போகச் சொல்கின்றன. எது உண்மை? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இரண்டும் உண்மை. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நிஹோன்பாஷி மீன் சந்தை அழிந்த பிறகு, அதற்கு மாற்றாக 1935-இல் திறக்கப்பட்டது ட்சுகிஜி. மொத்த ஏலம் நடந்த அதன் உட்சந்தை 2018 அக்டோபரில் தோயோசு என்ற இடத்துக்கு மாறியது. சுற்றியிருந்த சில்லறைக் கடைகளும் உணவகங்களும் கொண்ட வெளிச்சந்தை அங்கேயே தங்கிவிட்டது. அது இப்போது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் சந்தை. விலையும் அதற்கேற்பவே இருக்கிறது. கத்திக் கடைகளுக்காகவும் உலர்மீன் கடைகளுக்காகவும் மட்டும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம் என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமையும் பல புதன்கிழமைகளும் அங்கே பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை என்பதை மறந்துவிட வேண்டாம்.

தோயோசுவில் விடியற்காலைச் சூரை ஏலத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தால் இடம் கிடைக்கும். இடமாற்றத்துக்குப் பின் வந்த முதல் புத்தாண்டு ஏலத்தில், 2019 ஜனவரியில், 278 கிலோ எடையுள்ள ஒற்றை நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. உங்கள் தொழிலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது மீனின் விலையன்று, விளம்பரத்தின் விலை.

தின்பதற்கு நான் பரிந்துரைப்பது தொலைவிலுள்ள ஊர்களை. வடக்கே ஹொக்கைடோவின் குஷிரோ நகரிலுள்ள வாஷோ சந்தையில், ஒரு கிண்ணம் வெறுஞ்சோறு வாங்கிக்கொண்டு கடைகடையாகப் போய், வேண்டிய மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். தெற்கே ஒகினாவாவின் நஹாவில் 1950-இல் தொடங்கி, 2023-இல் புதுக் கட்டடத்தில் மீண்டும் திறந்த மக்கிஷி சந்தையில், கீழ்த்தளத்தில் மீன் வாங்கி மேல்தளத்தில் கூலி கொடுத்துச் சமைத்து வாங்கலாம். பச்சை மீன் வேண்டாமென்று கருதும் நம்மவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது.

கேள்வி: ஒரேயொரு சந்தைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போவீர்கள்? வாஜிமா காலைச் சந்தையைப் பற்றி முன்பு படித்திருக்கிறேன், அது இன்னும் நடக்கிறதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கொச்சிக்குப் போவேன். நம் கேரளத்துக் கொச்சி இல்லை. ஷிகோக்கு தீவின் கொச்சி. 1690-இலிருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுகிறது. கோட்டை வாயிலிலிருந்து தொடங்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் 300 கடைகள், மரநிழலில். விற்பவர்களில் பலர் சுற்றுவட்டாரத்து வயதான விவசாயிகள். தோட்டத்து இஞ்சி, யூசு எலுமிச்சை, வளைந்த அரிவாள், பூச்செடி எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி மக்கள் வரிசை கட்டி நிற்கும் கடை ஒன்று தென்பட்டால், அங்கே ‘இமோதென்’ பொரிகிறது என்று பொருள்: தடிமனான மாவில் தோய்த்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு பஜ்ஜி. பக்கத்தில் ‘ஹியாஷி அமே’ என்ற இஞ்சிப் பானகம் விற்பார்கள். அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு கோட்டை மதிலோரம் உட்கார்ந்தால், பொழுது போவது தெரியாது. சூரை மீனுக்குப் பேர்பெற்ற அந்த மாவட்டத்தின் மலைக்கிராமங்கள்தான் மூங்கில் குருத்தையும் காளானையும் சோற்றின்மேல் வைத்து யூசு சாற்றில் புளிப்பூட்டிய காய்கறி சுஷியையும் கண்டுபிடித்திருக்கின்றன. காய்கறிகளை வேகவைத்த சாற்றைப் பற்றி மட்டும் முன்சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.

வாஜிமாவைப் பற்றி வருத்தமான செய்திதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட அந்தச் சந்தைத் தெரு, 2024 ஜனவரி 1-ஆம் தேதி நோத்தோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த தீயில் எரிந்துபோயிற்று. அந்தப் பகுதியில் ஏறத்தாழ 240 கட்டடங்கள் சாம்பலாயின. ஆனால் சந்தை என்பது அங்கே விற்ற பெண்கள்தான் என்பதை அவர்களே காட்டினார்கள். அதே ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, கனசாவா நகரத்தின் துறைமுகப் பகுதியொன்றில் ‘வெளியூர்ச் சந்தை’யாகக் கூடி, உலர்மீனையும் அரக்குப் பாத்திரங்களையும் பரப்பி வைத்து, தங்கள் ஊர்ப் பேச்சில் ‘கோத்தே குதா’, அதாவது ‘வாங்கிக்கோங்க’, என்று கூவத் தொடங்கிவிட்டார்கள். கோடையில் வாஜிமாவிலேயே ஒரு வணிக வளாகத்துக்குள் இடம் பிடித்தார்கள். பிற நகரங்களுக்கும் சென்று கடை விரிக்கிறார்கள். எந்த நாளில் எங்கே கூடுகிறது என்பது மாறிக்கொண்டிருப்பதால், கனசாவா ரயில் நிலையத்துச் சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்; காலையில் சீக்கிரமாகப் போங்கள், நண்பகலுக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்.